மெக்கானிக் தேவை

எங்கள் பக்கத்தில் மெக்கானிக்குக்குக் கெட்ட காலமே கிடையாது என்று நகராட்சியின் கம்ப்யூட்டர் சொல்கிறது. தொழில்களையெல்லாம் வரிசையாகப் போட்டு, எதற்கு வேலை கிடைக்கும், எதற்குக் கிடைக்காது என்று நிறம் பூசி வைத்திருக்கிறார்கள். சிவப்பு என்றால் வீட்டில் உட்கார வேண்டியதுதான். மஞ்சள் என்றால் முட்டி மோதிப் பார்க்கலாம். பச்சை என்றால் நாளைக்கே வந்து சேர். டிராக்டர், அறுவடை இயந்திரம் ரிப்பேர் செய்பவர்களுக்கு எங்கள் மேற்கு யூட்லாந்துப் பகுதி முழுக்கப் பச்சைதான். வருகிற வருஷங்களுக்கும் பச்சைதானாம். அந்த நிறத்தைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

என் பெயர் ஆஸ்டா. டோர்கில் என்பவருடைய பட்டறையில் ஸ்பேர் பார்ட்ஸ் கவுண்டர் என்னுடையது. பேரிங் வேண்டும், பெல்ட் வேண்டும் என்று வருகிற விவசாயிகள் என் வாய்க்குப் பயந்தே பாகத்தின் நம்பரை ஒழுங்காகச் சொல்லக் கற்றுக்கொண்டார்கள். பட்டறை வாசலில் 'மெக்கானிக் தேவை' என்று ஒரு பலகை இருந்தது. டோர்கில் மாட்டியபோது எழுத்து நல்ல சிவப்பு. கடல்காற்றும் மழையும் பட்டுப் பட்டு, கடைசியில் சோகை பிடித்த மாதிரி ஆகிவிட்டது. ஒரு ஆள் வந்தபாடில்லை. பள்ளிக்கூடம் முடிக்கிற பையன்களுக்கு நகத்தில் கிரீஸ் ஒட்டக் கூடாது. இருக்கிற ஆட்களை வைத்து டோர்கில் எப்படியோ தள்ளிக்கொண்டிருந்தார்.

ஐவின் என் தம்பி. பக்கத்து ஊர்ப் பட்டறையில் மீசை முளைக்கும் முன்பே சேர்ந்து, அங்கேயே தலை நரைத்தவன். நட்டு கழற்றும் ஏர் கன்னோ இரும்பு தேய்க்கும் கிரைண்டரோ கையில் இல்லாமல் அவனை நான் பார்த்ததே குறைவு. அந்த இரண்டும் சேர்ந்து அவன் விரல்களைத் தின்றுவிட்டன. குளிர் பட்டால் விரல் மெழுகுவர்த்தி மாதிரி வெளுத்துப் போகும். அப்புறம் மரத்துப்போகும். அவன் மனைவி பிரிந்து போன பிறகு, பொத்தான் இல்லாத சட்டையாகப் பார்த்து வாங்க ஆரம்பித்தான். கேட்டால், "இதுதான் இப்ப ஃபேஷன்" என்பான்.

பெரிய ஆஸ்பத்திரிக்கு நான்தான் காரில் கூட்டிப் போனேன். டாக்டர் பூசி மெழுகவில்லை. போனது போனதுதான், திரும்ப வராது. மிச்சம் இருக்கிற உணர்ச்சியை வேண்டுமானால் காப்பாற்றிக்கொள்ளலாம். அதிர்கிற கருவி எதையும் இனிமேல் தொடக் கூடாது. தொட்டால் இருக்கிறதும் போய்விடும் என்று சொல்லிவிட்டார். திரும்பி வரும்போது ஐவின் கைகளை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தான்.

"மத்ததெல்லாம் வாடகைக்கு வந்த மாதிரி இருக்குக்கா. சுண்டு விரல் மட்டும் இன்னும் என்னோடதுதான்" என்றான்.

"அதையாவது பத்திரமா வெச்சுக்கடா."

"பேங்க்ல போடவா?"

சிரித்தோம். ஆனால் எனக்குத் தெரியும், அந்தச் சுண்டு விரலைப் பற்றி அவன் சொன்னது எனக்காகத்தான். சின்ன வயசில் விருந்துகளுக்குப் போனால் எங்கள் இருவருக்கும் பெரிய பாடு. சொந்தத்தில் யாருக்காவது பிறந்த நாள் என்றால், யாராவது ஒரு சித்தப்பா கைப்பட ஒரு பாட்டு எழுதி, தாளில் அச்சடித்து, தட்டுக்குத் தட்டு வைத்துவிடுவார். ஏழு, எட்டு சரணம் ஓடும். எதுகைக்காக மாமாவின் தொந்தியும் அத்தையின் கோழியும் வந்து விழும். பெரியவர்கள் முகத்தைக் கோவிலில் வைத்திருப்பது போல வைத்துக்கொண்டு பாடுவார்கள். எங்களுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வரும். சிரித்தால் அப்பாவின் கை பேசும். அதனால் மேஜைக்கு அடியில் ஒருவர் சுண்டு விரலை மற்றவர் பிடித்து அழுத்துவோம். அடக்கிக்கோ என்று அர்த்தம். பதிலுக்கு அழுத்தினால் சரி, அடக்கிட்டேன் என்று அர்த்தம். அம்மாவை அடக்கம் செய்த அன்றைக்கு சர்ச்சின் முதல் பெஞ்சில் உட்கார்ந்து அதையேதான் செய்தோம். அன்றைக்கு அடக்கியது சிரிப்பை அல்ல.

பழைய பட்டறை வேலையை விட்ட பிறகு ஐவின் ஆசைப்பட்டது பெரிதாக ஒன்றுமில்லை. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வேன் ஓட்ட ஆள் வேண்டியிருந்தது. காலையில் கொஞ்ச நேரம், மாலையில் கொஞ்ச நேரம். தலைமை ஆசிரியை அவனுக்கென்றே இடத்தைப் பிடித்து வைத்திருந்தாள். அது அரை வேலை, அரைச் சம்பளம். மீதிக்கு நகராட்சி கை கொடுக்கும். ஆனால் அதற்கு, இந்த ஆளால் தன் தொழிலில் முழு நாள் வேலை செய்ய முடியாது என்று நகராட்சி முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். டாக்டர் சொன்னால் போதாதா என்றால், போதாது. ஒரு நிஜமான பட்டறையில் சில மாதம் நிறுத்தி, என்ன முடிகிறது, என்ன முடியவில்லை என்று பார்ப்பார்கள். கருவிகளைக் கொஞ்சமாகத் தொட்டால் போதும், எங்கே முடியவில்லையோ அங்கே நிறுத்திவிடலாம் என்றார்கள். அந்தச் சோதனையை எங்கள் பட்டறையில் வைத்துக்கொள்ளட்டும் என்று டோர்கில் தானாக முன்வந்தார். நல்ல மனுஷர். அன்றைக்கு அவரைக் கட்டிப்பிடிக்காத குறை.

வசந்த காலத்தில் ஐவின் வந்து சேர்ந்தான். பட்டறையில் ஆறு பேர். அதில் கோர்ம் என்று ஒருவன், கதவளவு உயரம், கையெல்லாம் பச்சை குத்திய ஆள். முதல் நாளே ஐவின் ஒரு நட்டைக் கீழே தவறவிட்டான். கோர்ம் வேறு எங்கோ பார்த்துக்கொண்டே அதைக் காலால் தள்ளி, ஐவினின் பூட்ஸ் பக்கத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தான். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அதற்கப்புறம்தான் விஷயம் பெருகியது. ஐவின் ஏர் கன்னை எடுக்கப் போனால் அது எப்போதும் யாராவது ஒருவன் கையில் இருக்கும். தலைக்கு மேலே கழற்ற வேண்டிய போல்ட் என்றால், அவன் காப்பி குடித்துவிட்டு வருவதற்குள் கழன்று கிடக்கும். வெள்ளிக்கிழமை காலையில் முறை வைத்து ஒருவர் ரொட்டி வாங்கி வருவது பட்டறை வழக்கம். அவரவர் ரொட்டியை அவரவர் வெட்டி வெண்ணெய் தடவிக்கொள்வதுதான் வழி. ஐவின் வந்த பிறகு, எல்லா ரொட்டியும் முன்கூட்டியே வெட்டி, வெண்ணெய் தடவித் தட்டில் வர ஆரம்பித்தது. அவனுக்கு மட்டும் செய்தால் தெரிந்துவிடும் என்று எல்லோருக்கும் செய்திருக்கிறார்கள் தடியன்கள்.

ஒரு நாள் கோர்ம் ஆயில் ஃபில்டர் கேட்டு கவுண்டருக்கு வந்தான். பிடித்துக்கொண்டேன்.

"ஏண்டா, உங்களுக்கெல்லாம் மூளை இருக்கா? இது அவன் தோக்க வேண்டிய பரீட்சைடா!"

"என்ன பரீட்சை?"

"அவனால முடியலைன்னு அவங்க பாக்கணும். பாத்தாத்தான் வேன் ஓட்டப் போக முடியும். நீங்க பாட்டுக்கு அவன் வேலையையும் சேத்துச் செஞ்சா, ஆள் நல்லா இருக்கான்னுதானே எழுதுவாங்க?"

கோர்ம் ஃபில்டர் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"அக்கா, அன்னைக்கு கிரைண்டரைப் பிடிச்சான். விரல் அப்படியே செத்த விரலாட்டம் ஆயிடுச்சு. முகத்தைத் திருப்பிக்கிட்டு நின்னான். ஒரு ஆள் அப்படி நிக்கறதைப் பாத்துட்டு நான் போய்க் காப்பி குடிக்கணுமா?"

"குடிக்கணும்! சர்க்கரை போட்டுக் குடிக்கணும்!"

"என்னால முடியாதுக்கா. நீங்க வேணா என்னைத் திட்டுங்க."

திட்டினேன். ஃபில்டரை வாங்கிக்கொண்டு போய்விட்டான். அடுத்த நாளும் அதே கதைதான். நல்ல மனசுக்காரர்களோடு சண்டை போடுவது மாதிரி கொடுமை உலகத்தில் கிடையாது. கெட்டவன் என்றால் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போய்க் கேட்கலாம்.

சோதனை முடிகிற அன்று நகராட்சியிலிருந்து மைகன் வந்தாள். அவளைப் பிசாசு என்று சொல்ல எனக்கு ஆசைதான், ஆனால் அவள் நல்ல பெண். ஐவினுடைய கையைப் பற்றி அக்கறையாகத்தான் விசாரித்தாள். சாப்பாட்டு அறையில் எல்லோரும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்தோம். நான் ஐவினுக்குப் பக்கத்தில்.

"எப்படிப் போச்சு?" என்று டோர்கிலைக் கேட்டாள் மைகன்.

"எப்படின்னா? ஆள்னா இவன்தான் ஆள். என்ஜின் சத்தத்தைக் கேட்டே எங்க கோளாறுன்னு சொல்லிடறான். இந்த மாதிரி ஒருத்தனைத்தான் நான் தேடிட்டிருந்தேன்."

"முழு நாளும் நிக்க முடியுதா?"

"எங்களையெல்லாம் அனுப்பிட்டுக் கதவைச் சாத்தறதே அவன்தான்."

"ஏர் கன், கிரைண்டர் வேலையெல்லாம்?"

டோர்கில் கோர்மைப் பார்த்தார். கோர்ம் தொண்டையைக் கனைத்துக்கொண்டான்.

"அவனால எந்த வேலையும் நிக்கல" என்றான். அது பொய்யும் இல்லை.

எனக்கு அதற்குமேல் தாங்கவில்லை. "நிக்கலதான்! யாரு செஞ்சாங்கன்னு கேளும்மா. பாதி வேலை இவங்க செஞ்சது. ரொட்டிக்கு வெண்ணெய் தடவறது வரைக்கும் இவங்கதான்."

ஆறு பேரும் ஆளுக்கொரு காப்பிக் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கோர்மின் கழுத்து சிவந்துபோயிருந்தது. மைகன் ஐவின் பக்கம் திரும்பினாள்.

"உங்க அக்கா சொல்றது சரியா, ஐவின்?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான் வேண்டியிருந்தது. ஐவின் அந்த ஆறு முகங்களையும் பார்த்தான். பிறகு மைகனைப் பார்த்துச் சிரித்தான்.

"அக்கா கவுண்டர்ல நிக்கறவ. அங்கேயிருந்து பாத்தா பட்டறை பாதிதான் தெரியும். என் வேலையை நான்தான் செஞ்சேன்."

நான் வாயைத் திறந்தேன். மேஜைக்கு அடியில் அவன் சுண்டு விரல் வந்து என் விரலைத் தேடிப் பிடித்து அழுத்தியது. நல்ல அழுத்தம். அந்த அழுத்தத்தை மீறிப் பேசி எனக்குச் சின்ன வயசிலிருந்தே பழக்கமில்லை. பதிலுக்கு அழுத்தினேன்.

மைகன் லேப்டாப்பை எங்கள் பக்கம் திருப்பினாள். மேற்கு யூட்லாந்து முழுக்கப் பச்சை. "உங்க தொழில்ல வாய்ப்பு ரொம்ப நல்லா இருக்கு, ஐவின். கையைப் பத்தி டாக்டர் குடுத்த ரிப்போர்ட் இருக்குதுதான். ஆனா இங்க நடந்ததை வெச்சுத்தான் நாங்க முடிவு பண்ணணும்" என்றாள். சந்தோஷமாகத்தான் சொன்னாள். வேலை இல்லாதவர்களையே நாளெல்லாம் பார்க்கிற பெண்ணுக்குப் பச்சை என்றால் நல்ல செய்திதானே.

"அப்ப எதுக்கு இழுத்துக்கிட்டு? நாளைக்கே இங்கயே சேந்துக்கட்டும்!" என்று டோர்கில் மேஜையைத் தட்டினார். ஆறு பேரும் ஓ என்று கத்தினார்கள். யாரோ ஐவினின் முதுகில் அறைந்தார்கள். டோர்கில் உடனே ஸ்குரூடிரைவரை எடுத்துக்கொண்டு போய் வாசல் பலகையைக் கழற்றினார். நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

காரில் வைத்துத் தம்பியை உலுக்கி எடுத்தேன்.

"வாய்ல என்னடா கொழுக்கட்டையா வெச்சிருந்த? ஆமான்னு சொன்னா என்ன?"

"அவங்க முகத்துக்கு நேரே சொல்லச் சொல்றியா? என்னைத் தூக்கிச் சுமந்தாங்கன்னு?"

"சுமந்தாங்கதானே!"

"சுமந்தாங்க. அதுக்குக் காட்டிக் கொடுக்கணுமா? ஒரு அதிகாரி முன்னாடி?"

"கை போயிடும்டா."

"பாத்துப் பிடிச்சுக்கறேன்கா. கோர்ம் இருக்கான்ல?"

வேலை வேண்டாம் என்று அவன் மறுக்கவும் வழியில்லை. உடம்பு நன்றாக இருக்கிறவன், தன் தொழிலிலேயே கிடைத்த வேலையைத் தட்டினால், நகராட்சி கையை விரித்துவிடும். மேல்முறையீடு செய் என்று நச்சரித்தேன். அதற்கும் அந்த ஆறு பேரைச் சாட்சிக்குக் கூப்பிட வேண்டும் என்பதால் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. பள்ளிக்கூட வேனை வேறு ஒருவர் ஓட்டப் போனார்.

கோடையின் தொடக்கத்தில் கோர்ம் அவனைக் கைவிடவில்லை. ஐவினின் ஏர் கன் வேலை எல்லாம் அவன்தான். ஆனால் அறுவடை வந்தது. அந்த வருஷம் மழை விட்டு விட்டுப் பெய்தது. வெயில் அடிக்கிற கொஞ்ச நேரத்துக்குள் பார்லியை அறுத்துவிட வேண்டும் என்று எல்லா விவசாயியும் ஒரே சமயத்தில் இயந்திரத்தை இறக்கினார்கள். எல்லாம் ஒரே சமயத்தில் பழுதானது. என் போன் ஓயவில்லை. பக்கத்துப் பட்டறைகளிலும் ஆள் இல்லை. பச்சை என்றால் அதுதானே அர்த்தம்? இருக்கிற மெக்கானிக்கை எல்லாம் டோர்கில் தனித்தனி வேனில் தனித்தனி வயலுக்கு அனுப்பினார். ஐவினையும் தனியாகத்தான் அனுப்பினார். வயல் நடுவில் ஏர் கன்னைப் பிடுங்கிக்கொள்ள அங்கே எந்தக் கோர்ம் இருக்கிறான்?

"அவனைத் தனியா அனுப்பாதீங்க டோர்கில்" என்று ஒரு நாள் கேட்டே விட்டேன்.

அவர் கண்ணெல்லாம் தூசியும் தூக்கமும். "ஆஸ்டா, வேற யாரை அனுப்பறது, சொல்லு. உன்னையா?" என்றார். அவர் கேட்டதிலும் தப்பில்லை.

அறுவடை முடிந்த பிறகு ஐவின் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்குச் சாப்பிட வந்தான். பன்றி வறுவலும் உருளைக்கிழங்கும் செய்திருந்தேன். முள்கரண்டியைக் குழந்தை மாதிரி முஷ்டியில் பிடித்துச் சாப்பிட்டான். சூடான பாத்திரத்தை வெறும் கையால் நகர்த்தி வைத்தான். நான் பதறிப்போய்க் கையைப் பிடித்துப் பார்த்தால் உள்ளங்கை ஓரம் சிவந்து கன்றியிருந்தது.

"சுடலையா?"

"நம்ம மெக்கானிக் தோல்கா. எருமைத் தோல்."

"சுண்டு விரல்?"

"அது இருக்கு" என்றான். உடனே உருளைக்கிழங்கு நன்றாக வெந்திருக்கிறது என்று பேச்சை மாற்றினான். எனக்கும் அதை நம்ப வேண்டியிருந்தது, நம்பினேன்.

பனிக்காலத்தில் அவனுக்கு அறுபது வயது நிறைந்தது. பட்டறை ஆட்களே ஊர்ப் பொதுக்கூடத்தைப் பிடித்து விருந்து வைத்தார்கள். மேஜை முழுக்கச் சின்னச் சின்னத் தேசியக் கொடிகள். விவசாயிகள் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். அவன் தனியாக நின்று இயந்திரத்தை ஓட வைத்துப் பயிரைக் காப்பாற்றிக் கொடுத்தான் என்று ஒவ்வொருவரும் வந்து கை குலுக்கினார்கள். இறுக்கிப் பிடித்துக் குலுக்கினார்கள். அவன் எல்லோரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றான்.

டோர்கில் எழுந்து பேசினார். பேசிவிட்டு, மேஜைக்கு அடியிலிருந்து பரிசை எடுத்தார். வாசலில் இருந்த அந்தப் பலகை. 'மெக்கானிக் தேவை' என்ற வெளிறிப்போன எழுத்தின் மேல் குறுக்காக ஒரு கோடு போட்டு, கீழே 'கிடைத்துவிட்டான்' என்று எழுதி, பட்டறை ஆட்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். கூடமே கை தட்டியது. ஐவின் பலகையை இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் தட்டு ஏந்துவது போல வாங்கினான். விரலை மடக்கிப் பிடிக்கவில்லை. அதைக் கவனித்தது நான் ஒருத்திதானா, கோர்மும் கவனித்தானா, தெரியவில்லை. கோர்ம் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டு பாட்டுத் தாள்களை எண்ண ஆரம்பித்தான்.

பாட்டை எழுதியது அவன்தான். ராத்திரியெல்லாம் உட்கார்ந்து எழுதியதாகக் கோர்மின் மனைவி சொன்னாள். எட்டுச் சரணம். சர்ச் பாட்டின் மெட்டு. எல்லோரும் முகத்தைப் பக்தியாக வைத்துக்கொண்டு ஆரம்பித்தார்கள். மூன்றாவது சரணத்தில் கிரீஸ் டப்பாவுக்குள் ஒரு கோழி விழுந்தது. நாலாவதில் அந்தக் கோழிக்கு ஐவின் ஆயில் மாற்றினான். டோர்கில் கண்ணை மூடிக்கொண்டு கட்டைக் குரலில் அதை உருக்கமாகப் பாடினார். எனக்குள் சிரிப்பும் அழுகையும் ஒன்றாகக் கிளம்பி, எது முதலில் வெளியே வரும் என்றே தெரியவில்லை. பக்கத்தில் ஐவினின் தோள் குலுங்குவது தெரிந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு தாளையே பார்த்தபடி இருந்தான்.

மேஜைக்கு அடியில் கையை நீட்டினேன். அவன் கை முழங்காலின் மேல் கிடந்தது. சில்லென்று இருந்தது. சுண்டு விரலைப் பிடித்து அழுத்தினேன்.

பதில் இல்லை. கையைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு இன்னும் பலமாக அழுத்தினேன். அப்புறம் என் நகம் அவன் சதையில் பதிகிற மாதிரி அழுத்தினேன். அவன் ஐந்தாவது சரணத்தைப் பாடிக்கொண்டிருந்தான்.

கோழி மறுபடியும் வந்தது. ஐவின் தாளால் வாயை மறைத்துக்கொண்டு என் காதருகே குனிந்தான். கண்ணில் சிரித்துச் சிரித்துத் தண்ணீர்.

"அக்கா, என்னால முடியலை, சிரிச்சுடப் போறேன். சீக்கிரம் விரலைப் பிடிச்சு அழுத்து" என்றான்.

நான் அழுத்திக்கொண்டுதான் இருந்தேன்.